யார் நம் விருந்தினர்?

பத்தாம் வகுப்பு மாணவி

‘விருந்து’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நாவில் நீர் ஊறும். கிறிஸ்து பிறப்பு விழாவன்று மணக்கும் பிரியாணியும், பொரித்த கோழியும், அம்மாவும் சித்தியும் முதல் நாள் இரவெல்லாம் கண்விழித்துச் சுட்ட அதிரசமும் முறுக்கும் கண்முன் வந்து நிற்கும். அன்று வீடு நிறைய உறவினர். வாசல் நிறையச் செருப்புகள். இதைக் குறைவில்லாமல் செய்து முடித்துவிட்டால், விருந்தோம்பலில் நம் குடும்பத்துக்கு ஈடில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வயதில் சிறியவளான நான் பெரியவர்களிடம் சில கேள்விகளைக் கேட்கப் போகிறேன். அருட்சகோதரிகளும் பெற்றோரும் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

நம் தமிழ்மொழி ‘விருந்து’ என்ற சொல்லுக்கு முதலில் கொடுத்த பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியத்தில், புதிதாகப் புனையப்படும் செய்யுள் வகைக்கே ‘விருந்து’ என்று பெயர் இருக்கிறது. ஆகவே விருந்தினர் என்றால் புதியவர், முன்பின் அறியாதவர் என்று பொருள். ஆண்டுதோறும் வருகிற மாமாவும் அத்தையும் நம் சுற்றத்தார். அவர்களை உபசரிப்பது நம் கடமை, நமக்கு மகிழ்ச்சியும்கூட. ஆனால் திருவள்ளுவர், இல்லறத்தார் பேண வேண்டியவர்களை ‘இல்வாழ்க்கை’ அதிகாரத்தில் எண்ணும்போது, விருந்தினரையும் சுற்றத்தாரையும் தனித்தனியாகவே எண்ணுகிறார். பிறகு விருந்தோம்பலுக்கென்றே ஒன்பதாம் அதிகாரத்தை ஒதுக்கி, அதை அன்புடைமைக்கும் இனியவை கூறலுக்கும் நடுவில் வைக்கிறார். அன்பு இருந்தால் கதவு திறக்கும், கதவு திறந்தால் இனிய சொல் பிறக்கும் என்று அந்த வரிசையே நமக்குச் சொல்வது போல் இருக்கிறது.

நம் ஆண்டவர் இதையே இன்னும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், பரிசேயர் தலைவர் ஒருவருடைய வீட்டில் இயேசு உணவருந்த அமர்ந்திருக்கிறார். அங்கே, தம்மை அழைத்தவரிடமே அவர் ஓர் அறிவுரை கூறுகிறார். விருந்து வைக்கும்போது நண்பர்களையும் உறவினரையும் செல்வந்தரான அண்டை வீட்டாரையும் அழைத்தால், அவர்கள் திரும்ப அழைத்துக் கைம்மாறு செய்துவிடுவார்கள். ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைத்தால், அவர்களால் கைம்மாறு செய்ய இயலாது, அதனாலேயே நீர் பேறுபெற்றவர் என்பது அதன் கருத்து. சோறு போட்டவரிடமே இப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பைப் பற்றிச் சொல்லும்போதும், பசித்தவருக்கு உணவிட்டோமா, அந்நியரை ஏற்றுக்கொண்டோமா என்பதைத்தான் அவர் கேள்வியாக வைக்கிறார்.

ஒரு குடும்பத்தின் விசுவாசத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கும் திரு இருதயப் படத்தை வைத்து அளக்க முடியாது என்பது என் கருத்து. அந்தப் படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருப்பவர், நம் வாசற்படியையும் பாத்திர அலமாரியையும் அடுப்படியையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். யாரை உள்ளே அழைக்கிறோம்? எந்தப் பாத்திரத்தில் கொடுக்கிறோம்? யாருடைய உழைப்பில் கொடுக்கிறோம்? இம்மூன்று கேள்விகளுக்கும் நாம் சொல்லும் பதிலில்தான் நம் விசுவாசம் விளங்கும்.

“வீட்டு விஷயத்துக்கும் விசுவாசத்துக்கும் என்ன தொடர்பு? அது கோயிலில் அல்லவா இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். தொடக்கத் திருச்சபைக்குக் கோயில்களே கிடையாது. விசுவாசிகள் வீடுகளில்தான் கூடினார்கள். வீடுகளில்தான் அப்பம் பிட்டார்கள். பிலிப்பி நகரில் புனித சின்னப்பரின் போதனையைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்ற லீதியா என்னும் பெண்மணி, விலையுயர்ந்த செந்நிறத் துணிகளை விற்று வந்தவர். அவர் முதலில் செய்த காரியம், சின்னப்பரையும் அவருடன் வந்தவர்களையும் தம் வீட்டில் வந்து தங்கும்படி வற்புறுத்தியதுதான். பிறகு அவர்கள் சிறையிலிருந்து விடுதலையானபோதும் அந்த வீட்டுக்குத்தான் சென்றார்கள். அந்நகரத்துத் திருச்சபை ஒரு பெண்ணின் வீட்டில் வேரூன்றியது என்பதை நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது அல்லவா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தில், குடும்பத்தை ஓர் இல்லத் திருச்சபை என்று குறிப்பிட்டது. 1981ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கிறிஸ்தவக் குடும்பம் பற்றி எழுதிய ஊக்க உரையில், விருந்தோம்பலைக் குடும்பம் சமூகத்துக்கு ஆற்ற வேண்டிய பணிகளுள் ஒன்றாகச் சேர்த்தார். நம் வீரமாமுனிவரோ அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே, 3615 பாடல்கள் கொண்ட ‘தேம்பாவணி’யைப் பாடியபோது, காப்பியத் தலைவராக ஓர் அரசனைத் தேடவில்லை, நாசரேத்தூர்த் தச்சரான புனித சூசையப்பரைத் தேர்ந்துகொண்டார். இயேசு போதித்தது ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். அதற்கு முன் வீட்டில் வாழ்ந்தது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். வீடு சிறிய இடம் என்று யார் சொல்ல முடியும்?

இனி, முதல் கேள்விக்கு வருவோம். யாரை உள்ளே அழைக்கிறோம்?

பழைய தஞ்சாவூர் வீடுகளில் திண்ணை இருக்கும். அது வீட்டாருக்கு மட்டும் கட்டியதன்று. வழிப்போக்கன் வந்து படுத்து எழுந்து போவதற்கும் அது இடம் கொடுத்தது. மராட்டிய மன்னர்கள் இராமேஸ்வரம் செல்லும் யாத்திரிகர்களுக்காக வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். இன்று திண்ணை இருந்த இடத்தில் மதில் எழும்பிவிட்டது. மதிலின் கதவில் ‘நாய் ஜாக்கிரதை’ என்ற பலகை தொங்குகிறது. சில வீடுகளில் நாய் கிடையாது, பலகை மட்டும் உண்டு!

எங்கள் வீடு தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் சாலையை ஒட்டி இருக்கிறது. ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழா. அதை ஒட்டிய நாட்களில் எங்கள் சாலையே காவி நிறமாகிவிடும். பல மாவட்டங்களிலிருந்து மக்கள் சின்னஞ்சிறு தேரை இழுத்துக்கொண்டும், “மரியே வாழ்க” என்று முழங்கிக்கொண்டும் நடந்து வருவார்கள். கழுத்தில் செபமாலையும் நெற்றியில் திருநீறுமாக வருபவர்களும் உண்டு. எங்கள் அப்பாயி வாசலில் ஒரு பெரிய பானை நிறைய நீர்மோர் வைத்து, பக்கத்தில் நான்கு நாற்காலிகளையும் ஒரு பெஞ்சையும் போட்டுவிடுவார்.

சென்ற ஆண்டு அப்படி வந்த ஒரு முதியவளின் கால்களில் கொப்புளம் கண்டிருந்தது. அப்பாயி அவளை உள்ளே அழைத்துக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தார். அவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து, “மூணு நாளா நடந்து வர்றேம்மா. வழியில மோரு எத்தனையோ பேரு குடுத்தாங்க. உள்ள வந்து உக்காருன்னு சொன்னது இந்த வீடுதான்” என்றாள். அவள் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று அப்பாயி கேட்கவில்லை. கால் கழுவ வெந்நீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

வேளாங்கண்ணியின் வரலாறே ஒரு விருந்தோம்பலில்தானே தொடங்குகிறது? 16ஆம் நூற்றாண்டில், நாகப்பட்டினத்திலிருந்த ஒருவருக்குப் பால் கொண்டு சென்ற சிறுவன் ஒருவன் குளக்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறினான். கைக்குழந்தையோடு தோன்றிய ஒரு தாய், குழந்தைக்குப் பால் கேட்டாள். அவன் கொடுத்தான் என்பது மரபுவழிச் செய்தி. பிறகு நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனிடமும் அந்தத் தாய் மோர் கேட்டாள் என்பார்கள். அந்தச் சிறுவர்கள் யார் என்று விசாரிக்காமல் கொடுத்தார்கள். பால் குறைந்தால் எசமானர் கோபிப்பாரே என்று முதல் சிறுவன் தயங்கி நின்றிருந்தால், மாதா குளத்தின் கதையே இருந்திராது.

ஆதியாகமத்தில் நம் தந்தை ஆபிரகாமும் இப்படித்தான் செய்தார். உச்சி வெயிலில் கூடார வாசலில் அமர்ந்திருந்த அவர், முன்பின் அறியாத மூவரைக் கண்டு ஓடிப்போய் வரவேற்றார். கொஞ்சம் அப்பம் தருகிறேன் என்று சொல்லி அழைத்துவிட்டு, கன்றையே அடித்துச் சமைத்து, பாலும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். வாக்கில் சிறிதாகவும் செயலில் பெரிதாகவும் இருந்தது அவருடைய விருந்து. நம்மில் சிலர் இதற்கு நேர்மாறாக, “அவசியம் வீட்டுக்கு வாருங்கள்” என்று தெருவில் நின்று பத்து முறை சொல்லுவோம். எந்த நாள் என்று மட்டும் சொல்லவே மாட்டோம்!

இன்று நம் ஊர்களுக்கு வரும் புதியவர்கள் யார்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, கட்டடங்களிலும் உணவு விடுதிகளிலும் வேலை செய்யும் இளைஞர்கள். நம் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மொழி நமக்குத் தெரியாது. 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது அவர்களைப் போன்ற ஏராளமானோர் வேலையும் கூலியும் இழந்து, நெடுஞ்சாலைகளில் நடந்தே தம் ஊருக்குப் புறப்பட்டதை நம் பெற்றோர் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்கலங்கினார்கள். அந்தக் கண்ணீர் உண்மையானதுதான். ஆனால் நம் தெருவிலேயே மாடி கட்டும் அந்தத் தொழிலாளி குடிக்கத் தண்ணீர் கேட்டு வரும்போது, சாளரத்தைச் சாத்தாமல் இருக்கிறோமா? மதிய வெயிலில் நமக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞரின் முகத்தையாவது பார்க்கிறோமா, செல்போனில் வந்த எண்ணை மட்டும் பார்க்கிறோமா?

இங்கே பெற்றோர் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்பார்கள். “காலம் கெட்டுக் கிடக்கிறது. பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அறியாதவர்களை எப்படி வீட்டுக்குள் விடுவது?” இது வெறும் சாக்கு அன்று, உண்மையான அச்சம். வீட்டில் பெரியவர்கள் இல்லாதபோது கதவைத் திறக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கதவைத் திறக்காமலே முகத்தை மலர்த்தலாம். மதிலுக்கு வெளியே ஒரு மண்பானையும் தம்ளரும் வைக்கலாம். அப்பாவோ அண்ணனோ வீட்டிலிருக்கும்போது ஒரு நாற்காலியை வாசலில் போடலாம். விருந்தினர், நம் முகம் சற்றே கோணினாலும் அனிச்ச மலரினும் விரைவாக வாடிவிடுவார் என்று எச்சரித்த வள்ளுவருக்கு, முகமே முதல் விருந்து என்பது தெரிந்திருந்தது.

இரண்டாவது கேள்வி கசப்பானது. எந்தப் பாத்திரத்தில் கொடுக்கிறோம்?

பல வீடுகளின் பின்புறத்தில், குழாயடியிலோ சாளரக் கம்பியிலோ ஓர் எவர்சில்வர் தம்ளர் தனியாகக் கவிழ்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் நெளிந்திருக்கும் அந்தத் தம்ளர், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு உரியது. அவர் அதில்தான் தேநீர் வாங்கிக் குடிக்க வேண்டும். குடித்த பிறகு கழுவி அங்கேயே கவிழ்க்க வேண்டும். உட்கார்ந்து குடிக்கச் சொல்வதில்லை, உட்கார்ந்தாலும் தரையில்தான். இவற்றுள் கிறிஸ்தவ வீடுகளும் உண்டு. மாலை ஏழு மணிக்கு அவ்வீடுகளில் செபமாலை தவறாது.

ஏன் என்று கேட்டால், “சுத்தத்துக்காக” என்பார்கள். என் சிற்றறிவுக்கு இது விளங்கவில்லை. நாம் சாப்பிடும் தட்டை நாள்தோறும் தேய்த்துக் கழுவுவது அந்த அக்காவின் கைதான். நாம் குடிக்கும் தண்ணீர்க் குடத்தை விளக்குவதும் அதே கைதான். அந்தக் கை பட்டால் வராத அசுத்தம், அவர் உதடு பட்டால் மட்டும் வந்துவிடுமா? நம் அத்தை குடித்த தம்ளரைக் கழுவி நாம் குடிக்கிறோமே, அந்தக் கழுவல் அக்கா குடித்த தம்ளருக்கு மட்டும் போதாதா? உண்மைக் காரணம் சுத்தம் அன்று என்பது கொடுப்பவருக்கும் தெரியும், குடிப்பவருக்கும் தெரியும். அதன் பெயர் சாதி. சாதி இல்லாத இடங்களில் அதன் பெயர் அந்தஸ்து.

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் தெருவுக்கும் கடைக்கும் போகும். நம் பாத்திர அலமாரிக்குள் எட்டிப் பார்க்க விசுவாசம்தான் வர வேண்டும். புனித யாகப்பர் தம் திருமுகத்தில், பொன் மோதிரம் அணிந்தவர் வந்தால் நல்ல இருக்கை கொடுத்து, கந்தல் உடுத்தவர் வந்தால் காலடியில் உட்காரச் சொல்லும் சபையைக் கடிந்துகொள்கிறார். 2003ஆம் ஆண்டு நவம்பரில், உரோமைக்கு வந்த தமிழகத்து ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பேசியபோது, கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமை சிறிதளவு தென்பட்டாலும் அது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்றார். ஆயர்களுக்குச் சொன்னது நமக்கில்லை என்று நாம் ஒதுங்கிக்கொள்ளலாமா?

துறவற மடங்களுக்கு 6ஆம் நூற்றாண்டில் ஒழுங்கு வகுத்த புனித ஆசீர்வாதப்பர், அதன் 53ஆம் அதிகாரத்தில், வருகிற விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்க வேண்டும் என்று விதித்தார். அதோடு நிறுத்தவில்லை. ஏழைகளையும் திருப்பயணிகளையும் தனிக் கவனத்தோடு ஏற்க வேண்டும் என்றார். செல்வந்தருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும், அவரிடம் நமக்குள்ள அச்சமே அதைப் பெற்றுத் தந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். மனித இயல்பை எவ்வளவு நன்றாக அறிந்தவர் அவர்! காரில் வருகிறவருக்கு யாரும் சொல்லாமலே நாற்காலி வருகிறது. நடந்து வருகிறவருக்குத்தான் சட்டம் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

தோழிகளே, இதை வீட்டோடு விட்டுவிட வேண்டாம். நம் வகுப்பறையைப் பெருக்கி, கழிவறையைக் கழுவி, மயங்கி விழுந்தால் தூக்கிச் செல்லும் ஆயாம்மாக்களுக்கு, ஆண்டு விழா விருந்தன்று நம்மில் எத்தனை பேர் இலை போட்டுப் பரிமாறியிருக்கிறோம்? பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவுவதைப் பார்க்க நாம் முன் வரிசையில் இடம் பிடிக்கிறோம். பார்ப்பதற்காக மட்டுமா ஆண்டவர் அதைச் செய்து காட்டினார்?

மூன்றாவது கேள்வி நம் அண்ணன் தம்பிகளுக்குப் பிடிக்காது. யாருடைய உழைப்பில் கொடுக்கிறோம்?

திருவிழா நாளில் அப்பாவும் மாமாவும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். “இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள், சாப்பாடு எடுத்து வை” என்று அங்கிருந்து ஒரு குரல் வரும். குரல் கொடுத்தவருக்கு விருந்தோம்பலில் சிறந்தவர் என்ற பெயர் கிடைக்கும். அடுப்படியில் வியர்வையில் நனைந்து நிற்கும் அம்மா, எல்லாரும் உண்ட பிறகு மூன்று மணிக்கு அடிச்சோற்றைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருப்பார். அவருக்கு உதவியாகப் பெண் பிள்ளைகளான நாம் நிற்போம். அண்ணனோ தான் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் கைகழுவப் போய்விடுவான்.

மார்த்தாள், மரியாள் நிகழ்ச்சியைப் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அநேகமாக எல்லாப் பிரசங்கங்களிலும் மார்த்தாளுக்கே திட்டு விழும். ஆனால் அவள் சொன்ன குறையைக் கவனித்துப் பாருங்கள். வேலை செய்ய மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை; எல்லா வேலையையும் செய்யத் தன்னைத் தனியே விட்டுவிட்டார்களே என்பதுதான் அவள் வருத்தம். அந்த வீட்டில் அவர்களுடைய சகோதரன் லாசரும் இருந்தானே, அவன் ஒரு குடம் தண்ணீராவது கொண்டுவந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். பெண்ணும் ஆண்டவருடைய பாதத்தில் அமர்ந்து அவர் வார்த்தையைக் கேட்கலாம் என்று இயேசு அன்று காட்டினார். பெண்கள் எல்லாரும் அமர்ந்து கேட்க வேண்டுமானால், அடுப்படி வேலையை எல்லாரும் பங்கிட்டுக்கொண்டாக வேண்டும் அல்லவா?

சமையல் ஆணுக்கு இழுக்கு என்று எண்ணுகிறவர்கள் அருளப்பர் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை வாசிக்கட்டும். உயிர்த்தெழுந்த ஆண்டவர், இரவெல்லாம் வலைவீசிக் களைத்துக் கரையேறிய சீடர்களுக்காகத் தாமே கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, அப்பத்தோடு காத்திருந்தார். சாவை வென்றவர் காலைச் சிற்றுண்டி தயாரித்தார்! அவருக்குக் குறையாத கௌரவம் நம் அண்ணன்மாருக்கு மட்டும் குறைந்துவிடுமோ? எங்கள் வீட்டில் கடந்த தவக்காலத்திலிருந்து ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும், ஞாயிறு மதியம் அம்மாவும் எல்லாரோடும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று அப்பா சொன்னார். முதல் தட்டை அவரே கழுவினார். அன்று அம்மா சூடான குழம்பை ஊற்றிச் சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

“விலைவாசி விற்கும் விலையில் ஊருக்கெல்லாம் சோறு போட முடியுமா?” என்பது அடுத்த தடை. முடியாதுதான், நம்மிடம் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. எலியா தீர்க்கதரிசிக்கு உணவிட்ட சரெப்தா ஊர்க் கைம்பெண்ணிடம் இருந்தது ஒரு கை மாவும் சிறிது எண்ணெயும்தான். பஞ்ச காலத்தில் அதையும் அவள் பகிர்ந்துகொண்டாள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது. மாதக் கடைசியில் அது ஏழை வீட்டுக்குப் போகும். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பசியோடு படுத்ததில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி நாகை மாவட்டத்தைச் சூறையாடியபோது, கோயில்களும் பள்ளிவாசல்களும் மாதா கோயில்களும் கல்யாண மண்டபங்களும் எல்லாருக்கும் திறந்தன. அன்று உலை வைத்தவர்கள் அனைவரும் செல்வந்தர்களா என்ன? எங்கள் பக்கத்து வீட்டு பாத்திமா பாட்டி, இரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சியை ஒரு தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்புவார். அந்தச் சட்டி வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. இதற்கெல்லாம் என்ன பெரிய செலவு?

கடைசியாக ஒன்று. புதியவரைத் தேடி வாசலுக்கு ஓடும் அவசரத்தில், வீட்டுக்குள்ளேயே காத்திருக்கும் விருந்தினரை மறந்துவிடக் கூடாது. ஒரே கதையைப் பத்தாவது முறையாகச் சொல்லும் தாத்தா, காது மந்தமான அப்பாயி, கேள்வி மேல் கேள்வி கேட்கும் தம்பி ஆகியோருக்கு நாம் கொடுக்க வேண்டிய விருந்து நம் நேரம். லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில், 24 வயதிலேயே இறைவனடி சேர்ந்த புனித குழந்தை தெரசம்மாள், நடக்க இயலாத மூத்த சகோதரி ஒருவரை நாள்தோறும் உணவறைக்கு அழைத்துச் சென்றார். அந்தச் சகோதரியைத் திருப்திப்படுத்துவது எளிதன்று. வேகமாக நடத்தினாலும் குறை, மெதுவாக நடத்தினாலும் குறை! தெரசம்மாள் அவரை அமர வைத்து, அவர் சிரமப்படுவதைக் கவனித்து, கேட்காமலே அப்பத்தையும் நறுக்கிக் கொடுப்பார். 1997ஆம் ஆண்டு திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது. அவர் கண்ட சிறிய வழி இத்தகைய எளிய செயல்களில் நடந்த வழிதான். சாப்பாட்டு வேளையில் செல்போனை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதும் இக்காலத்தில் ஒரு நல்ல ஒறுத்தல் முயற்சியே.

எம்மாவுஸ் ஊருக்குச் சென்ற சீடர் இருவரின் நிகழ்ச்சி நம் அனைவருக்கும் தெரியும். வழியில் உடன் வந்தவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் நெருங்கியதும் அவர் அப்பால் செல்கிறவர் போல நடந்தார். பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று அவர்கள் வற்புறுத்தி அழைத்த பிறகே உள்ளே வந்தார். அப்பம் பிட்டபோதுதான் அவர்களுடைய கண்கள் திறந்தன. அவர்கள் அழைக்காமல் இருந்திருந்தால், உயிர்த்த ஆண்டவரோடு வழியெல்லாம் நடந்தும் அவரை அறியாமலே வீடு சேர்ந்திருப்பார்கள். ஆண்டவர் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வருகிறவர் அல்லர். நாம் அழைத்தால் வருவார். அழைக்காவிட்டால் நடந்துகொண்டே போவார்.

ஆகவே அன்புத் தோழிகளே, இந்த ஆண்டு விடுமுறையில் வீட்டுக்குச் சென்றதும் மூன்று சிறு காரியங்கள் செய்வோம். வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைப்போம். நம் தட்டை நாமே கழுவி, தம்பியையும் கழுவச் சொல்லுவோம். பின்புறக் குழாயடியில் தனியாகக் கவிழ்ந்திருக்கும் தம்ளர் ஒன்று இருந்தால், அதை எடுத்து நன்றாகத் துலக்கி மற்றத் தம்ளர்களோடு அலமாரியில் சேர்த்து வைப்போம். மறுநாள் காலை அக்கா வேலைக்கு வரும்போது, “உட்காருங்கள் அக்கா” என்று சொல்லி, கைக்கு வந்த தம்ளரில் தேநீர் கொடுப்போம்.